காப்புரிமைத் தாளில் பெயருண்டு, கல்லறையில் இல்லை: பொறியியலாளர் கிரான்வில் வூட்ஸ்



முதலில் ஒரு திருத்தம். சில மாதங்களுக்கு முன்பு இதே கருத்துக்களத்தில் புத்தாக்கம் பற்றிப் பேசியபோது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். “நாம் தினமும் ஏறி இறங்கும் எல்.ஆர்.டி. ரயிலுக்கு மின்சாரம் தருவது மூன்றாம் தண்டவாளம். அதைக் கண்டுபிடித்தவர் ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பொறியியலாளர், பெயர் கிரான்வில் வூட்ஸ்.” நல்ல கைத்தட்டல் கிடைத்தது. நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது, செந்தூல் ரயில் பட்டறையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, பேச்சு நல்லா இருந்துச்சு. ஆனா மூணாவது தண்டவாளம் அதுக்கு முன்னாலேயே ஜெர்மன்காரன்கிட்ட இருந்தது. அந்த மனுசன் செய்யாததைச் சொல்லிக் கைத்தட்டு வாங்கிட்டீங்க. அவரு செஞ்சதை யாரு சொல்றது?” என்றார்.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசுவது என் தொழில். இணையத்தில் பலரும் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துப் பேசிவிட்டேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை. பிறகு நூல்களைத் தேடிப் படித்தபோது பெரியவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. அதோடு, நான் சொன்ன பொய்யைவிட உண்மையான வூட்ஸின் கதை இன்னும் கனமானது என்பதும் தெரிந்தது. இன்று அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

மூன்றாம் தண்டவாளம் என்றால் என்ன? கே.டி.எம். கொமுட்டர் ரயிலைப் பாருங்கள், அதன் தலைக்கு மேல் கம்பி ஓடும். கூரையில் இருக்கும் கை அந்தக் கம்பியைத் தொட்டு மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். எல்.ஆர்.டி. ரயிலுக்கு மேலே கம்பி கிடையாது. சக்கரம் உருளும் இரண்டு தண்டவாளங்களோடு, மின்சாரத்திற்கென்றே தனியாகத் தண்டவாளம் போட்டிருப்பார்கள். ரயிலின் அடியில் உள்ள ஒரு செருப்பு போன்ற துண்டு அதை உரசிக்கொண்டே போகும். இந்த முறையை 1879ஆம் ஆண்டு பெர்லின் பொருட்காட்சியிலேயே வெர்னர் வான் சீமென்ஸ் செய்து காட்டிவிட்டார். வட்டமாகப் போட்ட சிறிய பாதையில், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றைப் பதித்து, சிறிய மின்வண்டி ஒன்றில் பார்வையாளர்களை ஏற்றிச் சென்றார். அப்போது வூட்ஸுக்கு வயது 23. அவர் ஒரு காப்புரிமைகூட வாங்கியிருக்கவில்லை.

அப்படியானால் வூட்ஸ் யார்?

1856 ஏப்ரல் 23 அவர் பிறந்த நாள். பெரும்பாலான நூல்கள் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்ததாகச் சொல்கின்றன. அவர் காலத்துச் சில ஏடுகள் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் என்று எழுதின. அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர் தம்மை வெளிநாட்டுக்காரராகக் காட்டிக்கொண்டால் கொஞ்சம் கூடுதல் மரியாதை கிடைக்கும் என்ற நிலை இருந்ததை நினைத்துப் பார்த்தால், அந்தச் செய்தி எப்படிக் கிளம்பியிருக்கும் என்று ஊகிக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

அவர் பிறந்த காலத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவர் அந்நாட்டுக் குடிமக்கள் ஆக முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்கடுத்த ஆண்டே, அந்தத் தீர்ப்பு கண்டுபிடிப்புகளின் மேலும் பாய்ந்தது. மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை, பருத்தி வயலில் களை சுரண்டும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அவருடைய எஜமான் அதற்குத் தம் பெயரில் காப்புரிமை கேட்டார். அடிமையின் உடல் உழைப்பு எனக்குச் சொந்தம் என்றால் மூளை உழைப்பும் எனக்குத்தானே சொந்தம் என்பது அவர் வாதம். 1858இல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரி கருத்துரைத்தார்: அடிமை குடிமகன் அல்லன், ஆகவே அவன் விண்ணப்பிக்க முடியாது. எஜமான் கண்டுபிடித்தவன் அல்லன், ஆகவே அவனும் விண்ணப்பிக்க முடியாது. ஒரு கருவி இருக்கிறது, அதைச் செய்த கைகள் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் மட்டும் அதைச் செய்தவர் என்று யாருமே இல்லை.

வூட்ஸ் அடிமையாகப் பிறந்தவர் அல்லர். ஒஹாயோவில் அடிமை முறை கிடையாது. ஆனால் அவர் நடக்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் நாட்டின் சட்டம் இப்படித்தான் பேசியது.

பத்து வயதளவில் பள்ளியை விட்டார். இயந்திரப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு ரயிலில் கரி போடும் வேலை, இரும்பாலை வேலை, அதன்பின் 1878இல் ‘அயர்ன்சைட்ஸ்’ என்ற பிரிட்டிஷ் நீராவிக் கப்பலில் பொறியாளர் வேலை. நம் முன்னோர்களில் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள் பலர். தொழிலைக் கையால் கற்றுக்கொண்டு, ஏட்டுப் படிப்பை இரவில் படிப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்த வழி. வூட்ஸும் அந்த வழியில்தான் வந்தார். இடையிடையே மின்னியலும் இயந்திரவியலும் படித்தார். எவ்வளவு படித்தாலும் உயர்ந்த பொறுப்பு மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே 1880 வாக்கில் சின்சினாட்டி நகரில் தாமே தொழில் தொடங்கினார்.

1881இல் பெரியம்மை கண்டது. ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்தார். உயிர் தப்பியது பெரிய காரியம்.

அவருடைய முதல் காப்புரிமை 1884 ஜூன் 3ஆம் தேதி, நீராவிக் கொதிகலன் உலைக்காகக் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தொலைபேசியில் பேசும் ஒலியை அனுப்பும் கருவிக்கு இன்னொன்று. 1885இல் மூன்றாவது ஒன்று. அதற்கு அவர் வைத்த பெயர் ‘டெலிகிராஃபோனி’. தந்தியையும் தொலைபேசியையும் ஒரே கம்பியில் சேர்த்த ஏற்பாடு அது. தந்தி அடிக்க வேண்டுமானால் மோர்ஸ் குறியீடு தெரிந்த ஆள் தேவை. இதில் குறியீடு தெரிந்தவர் தட்டி அனுப்பலாம், தெரியாதவர் வாயால் பேசியே அனுப்பலாம். சிறிய ரயில் நிலையங்களில் தேர்ந்த ஆளை வைக்க முடியாத காலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி! அமெரிக்கன் பெல் தொலைபேசி நிறுவனம் அந்த உரிமையை விலைக்கு வாங்கியது. வாங்கிய நிறுவனத்தின் பெயரைக் கவனியுங்கள். வூட்ஸின் வாழ்க்கையில் இது பலமுறை நடக்கப் போகிறது. சிந்திப்பவர் அவர், தாளை வாங்குபவர் வேறு.

இனி முக்கியமான கட்டத்திற்கு வருகிறேன்.

அந்தக் காலத்து ரயிலுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. நிலையத்தை விட்டுக் கிளம்பிய ரயிலுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. தண்டவாளத்தின் ஓரமாகத் தந்திக் கம்பி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தக் கம்பியைத் தொடாமல் ரயிலுக்குள் செய்தி எப்படி வரும்? முன்னால் பாலம் உடைந்திருந்தாலும், எதிரே இன்னொரு ரயில் வந்துகொண்டிருந்தாலும், அடுத்த நிலையம் வரும் வரை ஓட்டுநருக்குத் தெரியாது.

வூட்ஸ் மின்தூண்டலைப் பயன்படுத்தினார். இது ஒன்றும் மாயம் இல்லை. ஒரு கம்பியில் மின்னோட்டம் மாறி மாறி ஓடும்போது, பக்கத்தில் இருக்கும் வேறொரு கம்பிச் சுருளிலும் மெல்லிய மின்னோட்டம் தானாக எழும். இரண்டும் தொட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. கைப்பேசியைத் தட்டின் மேல் வைத்தால் கம்பி செருகாமலே சார்ஜ் ஏறுகிறதே, அதே விதிதான். வூட்ஸ் ரயில் பெட்டியின் அடியில் நீளமான கம்பிச் சுருள் ஒன்றைத் தொங்கவிட்டார். பாதையோடு செல்லும் தந்திக் கம்பியில் ஓடும் குறிப்புகள் இடைவெளியைத் தாண்டி அந்தச் சுருளில் எழுந்தன. ரயிலில் இருந்தும் அதே வழியில் பதில் அனுப்பலாம். ஓடும் ரயில் நிலையத்தோடு பேசலாம், ஒரு ரயில் இன்னொரு ரயிலோடும் பேசலாம்.

இதைச் சிந்தித்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். லூசியஸ் ஃபெல்ப்ஸ் என்பவர் அதே காலத்தில் அதே வேலையில் இருந்தார். தாமஸ் எடிசனும் தம் கூட்டாளியோடு சேர்ந்து வேறொரு முறையில் முயன்றுகொண்டிருந்தார். மூவரும் உரிமை கோரினர்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, முதலில் விண்ணப்பம் கொடுத்தவருக்குக் காப்புரிமை அல்ல, முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை. 2013ஆம் ஆண்டுதான் அந்நாடு அந்த முறையை மாற்றிக்கொண்டது. ஆகவே இருவர் ஒரே பொருளைக் கேட்டால், காப்புரிமை அலுவலகம் இருவரையும் விசாரித்து யார் முந்தியவர் என்று முடிவு செய்யும். வரைபடம் இருக்கிறதா, மாதிரி செய்தாயா, பார்த்த சாட்சி யார் என்றெல்லாம் கேட்பார்கள். பணமும் ஆள்பலமும் உள்ளவர்களுக்கு எதிரே, சொந்தமாகச் சிறிய தொழில் நடத்திய ஒரு கறுப்பினத்தவர் தம் வரைபடங்களையும் சாட்சிகளையும் வைத்து வாதாடினார். முடிவு அவர் பக்கம் வந்தது. 1887 நவம்பர் 29ஆம் தேதி அவருக்கு அந்தக் காப்புரிமை கிடைத்தது. எண் 373,915.

“எடிசனை நீதிமன்றத்தில் தோற்கடித்தவர்” என்று இதைத்தான் எழுதுகிறார்கள். நடந்தது காப்புரிமை அலுவலகத்தின் முன்னுரிமை விசாரணை. தோற்ற எடிசன் அவருக்கு வேலை கொடுக்க முன்வந்தார், வூட்ஸ் மறுத்தார் என்றும் பல நூல்கள் எழுதுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கவர்ந்தது அந்தக் கதை அல்ல. தாள்களைத் தேதி போட்டுப் பத்திரமாக வைத்திருந்த அந்தப் பழக்கம்தான் என்னைக் கவர்ந்தது. வெறும் திறமையை மட்டும் நம்பியிருந்தால் அவர் பெயர் அந்தத் தாளில் ஏறியிருக்காது.

வெற்றிக்குப் பிறகு என்ன ஆயிற்று? பத்திரிகைகள் அவரைக் ‘கறுப்பு எடிசன்’ என்றன. ஆனால் ரயில் நிறுவனங்கள் அந்தத் தந்தியைப் பெருமளவில் வாங்கவில்லை. அன்றைய சட்டத்தில் ஒரு காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டு. விற்காத காப்புரிமைக்கும் அதே 17 ஆண்டுதான். நாள் போகப் போகத் தேய்ந்துகொண்டே வரும் சொத்து அது.

‘கறுப்பு எடிசன்’ என்ற பட்டம் எனக்கு உடன்பாடில்லை. எடிசனுக்கு ஆய்வுக்கூடம் இருந்தது, உதவியாளர் கூட்டம் இருந்தது, முதலீட்டாளர்கள் இருந்தார்கள், வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஒரு காப்புரிமை பொய்த்தால் அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம். வூட்ஸுக்கு உடனிருந்தவர் பெரும்பாலும் அவருடைய தம்பி லயேட்ஸ்தான். தாம் கண்டுபிடித்ததைத் தாமே ஆலை வைத்துத் தயாரிக்க அவரால் முடியவில்லை. விற்றுத்தான் ஆக வேண்டும். விற்கும் அவசரத்தில் இருப்பவரிடம் வாங்குபவர் எப்படிப் பேரம் பேசுவார் என்பது சந்தைக்குப் போகும் நமக்குத் தெரியாததா?

1890 வாக்கில் நியூயார்க் வந்தார். அந்நகரில் மின்கம்பி ஒரு பெரிய பிரச்சினை. 1888 மார்ச் மாதப் பனிப்புயலில் தெருவெல்லாம் கம்பிகள் அறுந்து விழுந்தன. மன்ஹாட்டனில் டிராம் வண்டிகளுக்கு மேலே கம்பி கட்ட அனுமதி இல்லை. தரையில் மின்சாரத்தைத் திறந்துவிட்டாலோ மனிதரும் குதிரையும் மிதித்துச் சாவார்கள். மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது என்றால் எப்படி?

வூட்ஸ் சொன்ன விடை எளிமையானது. பாதை நெடுகிலும் இரும்புத் தொடுபகுதிகளைத் தனித்தனியாகப் பதித்துவிடுவது. சாதாரண நேரத்தில் அவற்றில் மின்சாரம் இருக்காது. வண்டி ஒன்றின் மேல் வரும்போது மட்டும் மின்காந்தத்தால் ஒரு விசை இணைந்து அந்தப் பகுதிக்கு மின்சாரம் வரும். வண்டி கடந்ததும் விசை விலகிவிடும். பின்னால் வருகிறவர் அதை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. 1892இல் கோனி ஐலண்ட் பொழுதுபோக்குத் திடலில் இந்த முறையில் ஒரு ரயிலை ஓட்டிக் காட்டினார்கள். மக்கள் வேடிக்கையாக ஏறிச் சுற்றினார்கள்.

ஆனால் அதே ஆண்டு அவர் கைது செய்யப்பட்டார். அவரோடு ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனத்தின் மேலாளர் தம் கண்டுபிடிப்பைப் பறித்துக்கொண்டதாகவும், அவர்களோடு தொழில் செய்யாதீர்கள் என்றும் வூட்ஸ் ஒரு தொழில் இதழில் விளம்பரம் கொடுத்தார். அவதூறு வழக்கு பாய்ந்தது. விசாரித்த நடுவர் குழு அவரை விடுவித்தது. ஆனால் அதற்குள் அந்த மேலாளர் அதே வடிவமைப்புக்கு ஐரோப்பாவில் தம் பெயரில் உரிமை வாங்கிவிட்டிருந்தார். அவமானம் ஒரு பக்கம், இழப்பு ஒரு பக்கம். நான் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு நூலை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் தொடர முடிந்தது.

அமெரிக்காவில் அந்த உரிமை அவருக்குக் கிடைத்தது 1901 நவம்பரில். கோனி ஐலண்டில் ஓட்டிக் காட்டி ஒன்பது ஆண்டு கழித்து! ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. ‘மூன்றாம் தண்டவாளம்’ என்று நானும் மற்றவர்களும் சொல்லி வந்தது இந்தக் காப்புரிமையைத்தான். 1904 அக்டோபர் 27ஆம் தேதி தொடங்கிய நியூயார்க் சுரங்க ரயிலில் போட்டது இடைவிடாமல் மின்சாரம் ஓடும் சாதாரண மூன்றாம் தண்டவாளம். நம் எல்.ஆர்.டி.யில் இருப்பதும் அந்த வகைதான். வூட்ஸ் கேட்டது வேறு. மனிதர் நடக்கும் இடத்தில், மிதித்தாலும் கொல்லாத பாதை வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த எண்ணம் அவரோடு போய்விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சில ஊர்களில் இதே போன்ற முறைகளைப் போட்டுப் பார்த்தார்கள். வண்டி போன பிறகும் சில இடங்களில் மின்சாரம் அணையாமல் நின்றது, ஆகவே கைவிட்டார்கள். அன்றைய விசைகளுக்கு அவ்வளவுதான் நம்பகம். 2003 டிசம்பரில் பிரான்சின் போர்டோ நகரில் புதிய டிராம் ஓடத் தொடங்கியது. பழைய கட்டடங்களின் அழகு கெடாமல் இருக்க, நகரின் நடுப்பகுதியில் மேலே கம்பி கட்டாமல், தரையில் துண்டு துண்டாக மின்பாதை பதித்தார்கள். டிராம் மேலே நிற்கும் துண்டில் மட்டுமே மின்சாரம் வரும். அதன் பொறியாளர்கள் வூட்ஸைப் படித்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மறுபடியும் பெரியவரிடம் மாட்டிக்கொள்ள எனக்கு ஆசையில்லை. அதே கேள்விக்கு அதே வகையான விடை என்பது மட்டும் உறுதி.

வூட்ஸைப் பற்றிப் பரவியிருக்கும் வேறு சில செய்திகளையும் இங்கேயே தள்ளிவிடுகிறேன். காற்றழுத்த பிரேக்கை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1869இலேயே ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். வூட்ஸ் 1902 முதல் 1905 வரை பிரேக் அமைப்பில் மேம்பாடுகளைச் செய்து உரிமை வாங்கினார், அவை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. ‘டிராலி’ என்ற சொல் அவரிடமிருந்து வந்தது என்பதும் சரியல்ல. அந்தச் சொல் அவர் பிறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. இன்னொன்று உண்மை, பலருக்குத் தெரியாது. கோழி முட்டையை அடைகாக்கும் மின்பெட்டி ஒன்றுக்கு அவர் 1900ஆம் ஆண்டு காப்புரிமை வாங்கியிருக்கிறார். ரயில் மனிதருக்குக் கோழிக்குஞ்சு மீது எப்படிக் கவனம் போயிற்றோ! மொத்தம் எத்தனை காப்புரிமைகள் என்றால், 45 என்பாரும் உண்டு, 60க்கு மேல் என்பாரும் உண்டு.

‘மேம்பாடுதானே, புதிதாக ஒன்றும் இல்லையே’ என்று சிலர் கேட்கலாம். காப்புரிமை அலுவலகத்தில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பகுதி மேம்பாடுகளே. எடிசனின் மின்விளக்குக்கு முன்பும் மின்விளக்கு இருந்தது.

இன்னொரு மனிதரையும் சொல்லாமல் விடக் கூடாது. ஹென்றி பேக்கர், அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் உதவித் தேர்வாளராக இருந்த கறுப்பினத்தவர். காப்புரிமைத் தாளில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், இனம் இருக்காது. அது நல்லதுதான். ஆனால் “கறுப்பினத்தவர் எதையும் கண்டுபிடித்ததில்லை” என்று வெளியே பேசியவர்களுக்குப் பதில் சொல்ல அந்தத் தாள் உதவவில்லை. ஆகவே 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியை ஒட்டி, வழக்கறிஞர்களுக்கும் நிறுவனங்களுக்கும் கடிதம் கடிதமாக எழுதி, இன்னார் இன்னார் கறுப்பினத்தவர் என்று ஒரு பட்டியலைத் திரட்டினார்கள். அந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் பேக்கர். அவர் பிறகு எழுதியவற்றிலும் வூட்ஸுக்குச் சிறப்பான இடம் உண்டு. நெட் என்ற அந்த அடிமையின் கருவிக்குச் சொந்தக்காரரே இல்லை என்று 1858இல் சொன்ன நாட்டில், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அரசு அலுவலகத்திலேயே ஒருவர் உட்கார்ந்து பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

1910 ஜனவரி 30ஆம் தேதி, நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் வூட்ஸ் காலமானார். மூளையில் இரத்தக் கசிவு. வயது 53. ரயில் தந்திக்கான 17 ஆண்டு 1904இலேயே முடிந்திருந்தது. மற்ற முக்கிய உரிமைகள் நிறுவனங்களின் கையில் இருந்தன. வழக்குகள் பணத்தைத் தின்றிருந்தன. குவீன்ஸ் பகுதியின் செயின்ட் மைக்கேல் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். பெயர்க்கல் வைக்கவில்லை.

அந்த இடம் 65 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1975இல் எம்.ஏ. ஹாரிஸ் என்ற வரலாற்றாளர், வூட்ஸின் கண்டுபிடிப்புகளைப் பயன்படுத்திய சில நிறுவனங்களிடம் பேசிப் பணம் திரட்டிக் கல் நாட்டச் செய்தார். 2004இல் நியூயார்க் போக்குவரத்துத் துறை அவர் படம் போட்ட பயண அட்டையை வெளியிட்டது. 2006இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் பெருமன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது.

ஆகவே நேயர்களே, என் பழைய வாக்கியத்தை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: கிரான்வில் வூட்ஸ் மூன்றாம் தண்டவாளத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஓடும் ரயிலைத் தந்தியோடு பேச வைத்தார், அதைத் தாம்தான் செய்தோம் என்று எடிசன் முன்னிலையிலும் நிரூபித்தார். மிதித்தாலும் கொல்லாத மின்பாதை ஒன்றையும் அமைத்துக் காட்டினார். இதிலும் பிழை இருந்தால், செந்தூல் பெரியவரே, வாசலில் காத்திருங்கள், வருகிறேன்.